சிரிப்புக்குக் கொடுத்த சம்பளம்

(கரவெட்டியில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் கூடியிருந்தோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கேலிச்சித்திரத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கிறார்கள். கரவெட்டிக்கு வந்து கேலிச்சித்திரத்தைப் பற்றிப் பேசுவது, பருத்தித்துறைக்குத் தட்டைவடை கொண்டுபோய் விற்பதற்கு ஒப்பாகும். ‘சிரித்திரன்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கி, ஈழத் தமிழரைத் தம்மைத் தாமே பார்த்துச் சிரிக்கப் பழக்கிய சிவஞானசுந்தரம் 1924 ஆம் ஆண்டு பிறந்தது இந்த மண்ணில்தான். சவாரித்தம்பரையும் சின்னக்குட்டியையும் அறியாத வீடு ஒருகாலத்தில் இங்கு இருந்ததில்லை. ஆகவே, கேலிச்சித்திரம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க நாம் வரவில்லை. ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கவே வந்தோம். ஒருவரைப் பார்த்து ஊர் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பைத் தொடக்கி வைத்தவர் யார்? அதற்கு அவர் பெற்ற கூலி என்ன?

இந்தக் கேள்விக்கு விடை தேட இருநூற்று முப்பது ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். முதலில் இலண்டனுக்குப் போவோம். அங்கிருந்து ஒல்லாந்துக்குப் போவோம். பின்னர் சுற்றிவளைத்து நமது பருத்தித்துறைக் கரைக்கே வந்து சேர்வோம். வழி நீண்டதுதான், ஆனால் கதை நம்முடையது.

கண்ணாடி அலமாரியின் முன்னே ஒரு கூட்டம்

1789 ஆம் ஆண்டு பிரான்சு தேசத்திலே புரட்சி வெடித்தது. மனிதர் யாவரும் சுதந்திரராயும் சமமானவராயும் பிறக்கின்றனர் என்ற பிரகடனம் அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் வெளியாயிற்று. அதனைக் கேட்டு இங்கிலாந்தில் ஒரு பகுதியினர் மகிழ்ந்தனர்; நிலமும் பட்டமும் உடையவர்கள் நடுங்கினர். நடுங்கியவர்கள் சட்டத்தை எடுத்தார்கள், சிறைக்கதவைத் திறந்தார்கள். இவை எல்லா அரசுகளும் செய்பவைதாம். அவற்றோடு அவர்கள் வேறொன்றையும் கையில் எடுத்தார்கள். அதுதான் படம்.

அக்காலத்துக் கேலிச்சித்திரம் பத்திரிகையின் மூலையில் வருவதன்று. தனித்தாளாக அச்சிட்டு, கையால் வர்ணம் தீட்டி, கடையில் விற்பது. கலியாணத்துக்குக் கொடுக்கும் பித்தளைப் பாத்திரத்தில் நாம் பெயர் வெட்டுவிக்கிறோம் அல்லவா? அதுபோன்ற வேலைதான், ஆனால் உளியால் அன்று, திராவகத்தால். செப்புத்தகட்டின்மேல் மெழுகு பூசி, அந்த மெழுகை ஊசியாற் கீறிப் படம் வரைவார்கள். பிறகு தகட்டைத் திராவகத்தில் இடுவார்கள். ஊசி கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கப்படும். அந்தப் பள்ளங்களில் மை தேய்த்து, ஈரத்தாளை வைத்து, உருளைப் பொறியில் அழுத்தி எடுத்தால் படம் தாளில் ஏறும். தாளில் இடம் வலமாக மாறி விழுமாதலால், எழுத்தையெல்லாம் தகட்டில் தலைகீழ்ப் பக்கமாக எழுதவேண்டும். இத்தனையையும் ஓரிரு நாளில் முடித்து, நேற்று நடந்ததற்கு இன்று படம் காட்டக்கூடிய கைவேகம் சிலருக்கு இருந்தது.

அவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் கில்றே. 1756 இல் பிறந்து 1815 இல் மறைந்தவர். ஹன்னா ஹம்ப்றி என்னும் பெண்மணி நடத்திய படக்கடையின் மேல்மாடியில் குடியிருந்து, அந்தக் கடைக்கே படங்களைச் செய்து கொடுத்தார். 1797 இலிருந்து அக்கடை சென் ஜேம்ஸ் வீதியில், பிரபுக்களும் மந்திரிமாரும் நடமாடும் இடத்தில் இருந்தது. ஒரு படத்தின் விலை சில சிலிங். கூலிக்காரனால் அதனை வாங்க இயலாது. ஆயினும் கண்ணாடிக்குப் பின்னே தொங்கவிடப்பட்ட படத்தைப் பார்ப்பதற்குக் காசு வேண்டியதில்லையே! புதுப்படம் வந்த நாளில் வீதியை மறித்துக்கொண்டு கூட்டம் நிற்கும். எழுத்தறியாதவனும் நிற்பான். இக்காலத்துத் தேநீர்க்கடையில் ஒருவர் பத்திரிகையை வாசிக்க ஒன்பது பேர் கேட்பதுபோல, அங்கே ஒரு படத்தை நூறு பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

எதனைப் பார்த்துச் சிரித்தார்கள்? 1792 செப்ரெம்பர் மாதம் பாரிஸ் சிறைகளில் பெருங்கொலை நடந்தது. அது உண்மை, அதனை நாம் மறைக்கவோ மன்னிக்கவோ வேண்டியதில்லை. அந்தச் செய்தி கிடைத்த கையோடு, செப்ரெம்பர் 20 ஆம் திகதியிட்டு, கில்றே ஒரு படம் வெளியிட்டார். பாரிஸ் நகரத்து ஏழைக் குடும்பம் ஒன்று நாள்வேலை முடித்து இராச்சாப்பாடு உண்கிறது. உண்பது மனித உடலை. அடுப்பில் ஒரு குழந்தை வாட்டப்படுகிறது. சிறு பிள்ளைகள் குடலைச் சுவைக்கின்றனர். குடும்பத் தலைவனின் அரையில் உடையில்லை. ஏனென்றால், பிரபுக்கள் அணியும் முழங்கால்மட்டக் காற்சட்டை இல்லாதவர்கள் என்று பாரிஸ் ஏழைகளுக்குப் பெயர். அந்தப் பெயரைக் கில்றே அப்படியே எடுத்துக்கொண்டு அவர்களை அம்மணமாக்கிவிட்டார்.

கொலைசெய்தவர்கள் சில நூறுபேர். படத்தில் இருப்பவர்களோ ஒரு முழுக் குடும்பம்: கிழவி, தாய், பிள்ளைகள். அந்த நகரத்து ஏழை என்றாலே நரமாமிசம் தின்பவன் என்று படம் பேசுகிறது. ஒரு குற்றத்தை எடுத்து ஓர் இனத்தின், ஒரு வகுப்பின் முகத்தில் ஒட்டிவிடுவது எப்படி என்று இதனைவிடத் தெளிவாகக் காட்டும் படம் வேறொன்றை நாம் கண்டதில்லை. கையில் எடுத்தால் கலை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அருவருப்போடு பார்க்கத் தொடங்கியவர் அதன் வரைகோட்டின் உயிரைக் கண்டு ஒரு கணம் தம்மை மறந்து நிற்பார். அதுதான் அதன் ஆபத்து.

அதே ஆண்டு டிசெம்பரில் வந்த இன்னொரு படத்தைக் கமக்காரர்கள் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு பக்கத்தில் மெலிந்து கிழிந்த பிரெஞ்சுக்காரன். தன் சுதந்திரத்தைப் போற்றிப் பாடிக்கொண்டே பச்சை வெங்காயத்தைக் கடிக்கிறான். மறுபக்கத்தில் கொழுத்த ஆங்கிலேயன். பெரிய மாட்டிறைச்சித் துண்டை வெட்டிக்கொண்டே, வரியால் நம்மைப் பட்டினி போடுகிறார்கள் என்று அரசைத் திட்டுகிறான். வெங்காயம் தின்பது தரித்திரத்தின் அடையாளமாம்! கரவெட்டியில் வெங்காயம் நட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் இந்தச் சபையில் எத்தனைபேர் இருக்கிறீர்கள்? கில்றேக்கு இதைச் சொல்ல வழியில்லை. ஆனால் இந்தப் படத்தில் ஒரு நேர்மை உண்டு. பிரெஞ்சுக்காரனோடு சேர்த்துத் தம் நாட்டுக்காரனையும் அவர் கேலிசெய்தார். அவருடைய தராசு அப்போது இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. அரசரின் கருமித்தனத்தையும் இளவரசரின் பெருந்தீனியையும் அதே ஆண்டு வரைந்தவரும் அவரே.

தராசு ஒருபக்கம் சாய்ந்தது எப்படி என்பதுதான் நாம் சொல்லவந்த செய்தி.

முதலில் தடி, பிறகு பணம்

1792 நவம்பரிலே, குடியரசுவாதிகளையும் சமத்துவம் பேசுவோரையும் எதிர்ப்பதற்கென்று இலண்டனில் அரச பக்தர்களின் சங்கம் ஒன்று கிளம்பியது. துண்டுப் பிரசுரங்களை மலிவாக அச்சிட்டு ஊரூராக வழங்கியது. தோமஸ் றோலன்சன் என்னும் ஓவியரின் படம் ஒன்றும் அவ்வாறு வழங்கப்பட்டது. இரண்டு வட்டங்கள்: ஒன்றில் பிரித்தானியச் சுதந்திரம், நீதித் தராசோடும் சிங்கத்தோடும் அமர்ந்த ஒரு நங்கை, மற்றதில் பிரெஞ்சுச் சுதந்திரம், பாம்புக் கூந்தலோடு தலையொன்றைக் குத்திய சூலம் ஏந்திய பேய்மகள். கீழே, எது நல்லது என்று ஒரு கேள்வி. வாக்குச் சீட்டு அச்சிடுவது போலத்தான். ஆனால் ஒரே ஒரு பெட்டிதான் உண்டு.

கில்றேயோ சங்கத்துக்கு அடங்கியவரல்லர். அரண்மனையில் பிறந்த குழந்தையைப் பற்றி 1796 தொடக்கத்தில் அவர் செய்த ஒரு படம் தெய்வ நிந்தனை என்று கூறி அவரைக் கைதுசெய்தார்கள். இது தடி. அந்நாளில் பிட் அவர்களின் அரசாங்கத்தில் ஜோர்ஜ் கனிங் என்றோர் இளைஞர் இருந்தார். பிற்காலத்தில் பிரதம மந்திரியானவர். கில்றேயின் படத்தில் தம் உருவம் ஒருமுறை வந்துவிட வேண்டும், அப்பொழுதுதான் தாமும் ஒரு மனிதர் என்று உலகம் ஒப்பும் என்று தவித்துத் தூது விட்டவர். (அரசியல்வாதிகள் அன்றும் அப்படித்தான், கேலிசெய்யப்படுவதைவிடக் கவனிக்கப்படாமல் இருப்பதற்கே அஞ்சினார்கள்.) அந்தக் கனிங்கின் ஏற்பாட்டில், 1797 இலிருந்து கில்றேக்கு ஆண்டொன்றுக்கு 200 பவுண் உதவிச்சம்பளம் இரகசியமாகக் கிடைத்தது. 1801 இல் பிட் பதவியிழக்கும்வரை அது நீடித்தது.

சம்பளம் வந்த பிறகு வந்த படங்களைப் பாருங்கள். 1798 ஏப்பிரலில், இலண்டன் தொழிலாளர் சங்கத்தவர் ஒரு நிலவறையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கூடியிருக்கும் காட்சி. முகங்கள் மனித முகங்கள் அல்ல; குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டவை. அதே ஆண்டு ஓகஸ்டில், புரட்சிக்கு அனுதாபம் காட்டிய எழுத்தாளர்கள் எல்லாரையும் ஒரு மிருகக்காட்சி ஊர்வலமாக வரைந்தார். கோல்றிட்ஜும் சதேயும் கழுதைத் தலையோடு நிற்கிறார்கள். ஆங்கில இலக்கியம் படித்தோர் அறிவர், அந்தக் கழுதைகள் எத்தகைய கவிஞர்கள் என்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘மனிதனின் உரிமைகள்’ எழுதிய தோமஸ் பெயின் இளமையில் பெண்களின் இடைக்கச்சை தைக்கும் தொழிலைச் செய்தவர். அவருடைய நூலுக்கு விடைசொல்ல வேண்டியவர்கள், அந்தத் தொழிலையே பிடித்துக்கொண்டார்கள். 1791 இல் ஒரு படம்: பெயின் கையில் அளவுநாடாவோடு அரசமுடியை அளந்துகொண்டு நிற்கிறார். 1793 இல் இன்னொன்று: பிரித்தானிய தேவியின் முதுகில் காலை வைத்து இடைக்கச்சையை இறுக்குகிறார். அவர் சொன்ன கருத்து பொய்யா மெய்யா என்பதைப் பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. தையற்காரனுக்கு அரசியல் எதற்கு என்பது ஒன்றே படத்தின் முழுப் பொருள். இலண்டன் தொழிலாளர் சங்கத்தை 1792 இல் நிறுவிய தோமஸ் ஹார்டி சப்பாத்துத் தைப்பவர். அவரையும் அவ்வாறே பேசினார்கள்.

தொழிலைச் சொல்லி ஆளை இழிப்பது! ஐரோப்பியர் செய்த அநியாயம் என்று நாம் இதனைக் கேட்டுவிட்டுப் போக முடியாது. நாம் இருப்பது வடமராட்சியில். சங்கானையிலும் நெல்லியடியிலும் கொடிகாமத்திலும் தேநீர்க்கடைக் கதவைத் திறக்கச் சொல்லி 1960 களில் மனிதர்கள் போராடியபோது, அவர்களுக்கு எதிராகத் தடி தூக்கியவர்கள் கொஞ்சப்பேர். அவர்கள் தொழிலையும் நடையையும் பேச்சையும் பழித்துச் சிரித்தவர்கள் மிகப்பலர். அந்தச் சிரிப்புக்கு யாரும் 200 பவுண் கொடுக்கவில்லை. இலவசமாகவே சிரித்தோம். சபையில் சிலருக்கு இது கசக்கலாம், கசக்கட்டும்.

மீன்பிடி வள்ளத்தில் ஏறிய அரசு

இனி ஒல்லாந்துக்கு வருவோம். 1795 தைமாதம், ஆறுகளெல்லாம் உறைந்திருந்த கடுங்குளிரில், பிரெஞ்சுப் புரட்சிப்படை பனிக்கட்டியின்மேல் நடந்து ஒல்லாந்துக்குள் புகுந்தது. அந்நாட்டுத் தேசபக்தர் கட்சி அதனை வரவேற்றது. ஆட்சித் தலைவர் ஐந்தாம் வில்லியம் ஜனவரி 18 ஆம் திகதி ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறி இங்கிலாந்துக்கு ஓடினார். மறுநாள் பற்றேவியக் குடியரசு பிரகடனமாயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களும் ஒல்லாந்து வீதிகளில் ஒலித்தன.

அந்தக் குடியரசைக் கேலிசெய்ய ஓர் ஆள் பிறந்தார். அவர் ஒல்லாந்தர் அல்லர், சுவிற்சர்லாந்துக்காரர். சூரிச் நகரத்து டேவிட் ஹெஸ், 1770 இல் பிறந்தவர். ஒல்லாந்து ஆட்சித்தலைவரின் கீழ்ச் சுவிஸ் படையில் உத்தியோகம் பார்த்தவர். புரட்சியோடு அந்த உத்தியோகமும் போயிற்று. 1796 இல் ‘புத்துயிர் பெற்ற ஒல்லாந்து’ என்று பொருள்படும் தலைப்பில் 20 படங்கள் கொண்ட தொகுதி ஒன்று அவருடைய கைச்சித்திரங்களைக் கொண்டு இங்கிலாந்தில் அச்சேறியது. முதலில் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக உரித்துக் காட்டினார். பின்னர் குடியரசு அமைத்த குழுக்களை வரிசையாக எடுத்துக்கொண்டார். கையாலாகாத குழுக்கள், குடித்துக் கிடக்கும் குழுக்கள், ஒருவரையொருவர் சந்தேகிக்கும் குழுக்கள்.

இந்தத் தொகுதியை நாம் முழுதும் பொய் என்று தள்ளமாட்டோம். குழு அமைப்பதே புரட்சி என்று எண்ணிய மனிதர்களை ஹெஸ் நன்றாகக் கண்டிருந்தார். எந்தச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கும் போய் வந்தவர்கள் அந்த முகங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். பிறர்காசில் செய்த புரட்சி, பிறநாட்டுப் படையின் பாதுகாப்பில் நின்ற சுதந்திரம் என்ற குத்தல் சரியான இடத்தில்தான் பட்டது. புரட்சிக்காரரை நேசிப்போர் இந்த 20 படங்களையும் ஒருமுறையாவது பார்த்துவைப்பது நல்லது. ஆனால் ஹெஸ் கேளாத ஒரு கேள்வி உண்டு. அதனைக் கேட்பதற்கு நாம் யாழ்ப்பாணத்துக்கு வரவேண்டும்.

இங்கிலாந்துக்கு ஓடிய வில்லியம், 1795 பெப்ரவரி 7 ஆம் திகதி, கியூ என்னும் இடத்திலிருந்து ஒரு கடிதம் எழுதினார். ஒல்லாந்தருக்குச் சொந்தமான குடியேற்ற நாடுகளின் அதிகாரிகள் பிரித்தானியப் படையை உள்ளே வரவிடவேண்டும் என்பது அதன் சாரம். மீன்பிடி வள்ளத்தில் ஓடிய ஒருவர் நம் நாட்டை இன்னொருவருக்குத் திறந்துவிடக் கடிதம் கொடுத்தார்! நம்மை யாரும் கேட்கவில்லை. கொழும்பிலிருந்த ஆளுநர் வான் ஆங்கல்பேக் தடுமாறினார், ஆங்கிலேயரோ காத்திருக்கவில்லை. ஓகஸ்டில் திருகோணமலை வீழ்ந்தது. செப்ரெம்பர் இறுதியில் கேணல் ஜேம்ஸ் ஸ்ருவாட் தம் படையோடு பருத்தித்துறையில் வந்திறங்கினார். இங்கிருந்து சில கட்டை தூரம். செப்ரெம்பர் 28 ஆம் திகதி யாழ்ப்பாணக் கோட்டை எதிர்ப்பின்றிக் கைமாறிற்று. 1796 பெப்ரவரியில் கொழும்பும் போயிற்று.

கொழும்பைக் காக்க நின்ற ஒல்லாந்தரின் கூலிப்படையிலும் சுவிஸ்காரரே இருந்தனர். டி மியூரன் என்னும் பிரபுவுக்குச் சொந்தமான படைப்பிரிவு அது. ஸ்கொத்லாந்துப் பேராசிரியர் ஹியூ கிளெக்ஹோண், ஐரோப்பாவிலேயே அந்தப் பிரபுவைக் கண்டு விலைபேசி, 1795 ஒக்ரோபரில் அப்படையை ஆங்கிலேயர் பக்கம் மாற்றிவிட்டார். மாறச்சொல்லும் கடிதம் ஒல்லாந்துப் பாற்கட்டி ஒன்றின் உள்ளே ஒளித்துக் கொழும்புக் கோட்டைக்குள் அனுப்பப்பட்டதென்று ஒரு கதை உண்டு. ஒரு சுவிஸ்காரர் வேலையிழந்து கேலிச்சித்திரம் வரைந்தார். மற்றவர்கள் எசமானை மாற்றிக்கொண்டு சம்பளத்தைத் தொடர்ந்து வாங்கினார்கள். அதே படைப்பிரிவு 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிராக நின்றது.

ஹெஸ் கேளாத கேள்வி இதுதான்: பற்றேவியக் குடியரசின் சமத்துவம் ஒல்லாந்துக் கரையைத் தாண்டிற்றா? தாண்டவில்லை. பாரிஸ் மாநாடு 1794 பெப்ரவரியில் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1802 இல் அதனை மீண்டும் கொண்டுவந்தது வேறு கதை. ஆனால் பற்றேவியக் குடியரசின் 1798 ஆம் ஆண்டு அரசியலமைப்பு அடிமைமுறையை ஒழிக்கவில்லை. மனிதர் யாவரும் சமம் என்று ஆம்ஸ்ரடாமில் முழங்கினார்கள். கடலுக்கு இப்பால் மனிதனை விற்ற சீட்டு செல்லுபடியாகவே இருந்தது. கேலிசெய்ய இதைவிடப் பெரிய இடம் ஏது? ஹெஸ்ஸின் கோபம் அடிமைகளுக்காக எழுந்ததன்று. ஆகையால் அவருடைய ஊசி அங்கே கீறவில்லை.

நம்முடைய கதை இதனிலும் மேலானதா? ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையை எடுத்துப் பாருங்கள். காணி, சீதனம், ஈடு, ஒற்றி ஆகியவற்றோடு அடிமைகளைப் பற்றிய பகுதியும் அதில் இருக்கிறது. எழுதியது ஒல்லாந்து அதிகாரி; வழக்கம் இதுதான் என்று சொல்லிச் சம்மதித்தவர்கள் நம்மூர் முதலிமார் பன்னிருவர். ஆங்கிலேயர் 1806 இல் அந்தத் தேசவழமையைச் சட்டமாக உறுதிசெய்தனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844 இல். இலண்டன் கண்ணாடிக்கு முன்னே கூட்டம் நின்று சமத்துவத்தைப் பார்த்துச் சிரித்த நாளில், இந்தத் தோட்டங்களில் துலா மிதித்தவர்களில் எத்தனைபேர் தம் உடம்புக்கே உரிமையற்றவராய் இருந்தார்கள் என்று எண்ணிப்பாருங்கள். அந்தப் படத்தின் கூர்மை யார் தலையில் இறங்கியது என்று அப்போது தெரியும்.

ஆங்கிலேயர் வந்தபின் நடந்ததும் உங்களுக்குத் தெரியவேண்டும். சென்னையிலிருந்து வரி அறவிடும் அதிகாரிகளைக் கொணர்ந்து, தென்னைமரத்துக்கு வரி போட்டார்கள். 1797 இல் கரையோர மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசாங்கம் விசாரணைக் குழு அமைத்து, கடைசியில் அந்த வரியைக் கைவிட வேண்டியதாயிற்று. அந்தக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர், பாருங்கள், அந்த மியூரன் குடும்பத்தவரே. தென்னைக்காக எழுந்த இந்த மக்களைப் பற்றி இலண்டன் கடைகளில் படமேதும் தொங்கியதாக நாம் காணவில்லை. கேலிசெய்வதற்குக்கூட நம்மை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

பன்றிகளின் பதில்

கேலிக்கு ஆளானவர்கள் வாளாவிருந்தார்களா? இல்லை. எட்மண்ட் பேர்க் 1790 இல் எழுதிய நூலில், பாமர மக்களைப் பன்றிக்கூட்டம் என்று ஓரிடத்திற் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லை இங்கிலாந்தின் ஏழைகள் விடவேயில்லை. தோமஸ் ஸ்பென்ஸ் என்பவர் 1793 இல் ஒரு மலிவுப் பத்திரிகை தொடங்கி, பன்றிக்கான உணவு என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். டானியல் ஈற்றன் என்னும் புத்தக வியாபாரி இன்னொன்று தொடங்கி, பன்றிக்கு ஊற்றும் கழுநீர் என்று பெயர் சூட்டினார். பன்றி என்றீர்களா? நன்று, பன்றிகள் வாசிக்கின்றன, பன்றிகள் எழுதுகின்றன என்றார்கள். பாரிஸ் ஏழைகள் தமக்கு இட்ட இழிபெயரைத் தாமே பட்டமாகச் சூடிக்கொண்டதும் இவ்வாறே. ஒல்லாந்தில் அதற்கும் முன்னே, 1566 இல், ஸ்பானியருக்கு எதிராக மனுக்கொடுத்த பிரபுக்களைப் பிச்சைக்காரர் என்று இகழ, அவர்கள் அந்தப் பெயரோடு பிச்சைக்கிண்ணத்தையும் சின்னமாக எடுத்துக்கொண்டார்கள்.

1794 இல் சப்பாத்துத் தைப்பவரான ஹார்டியை இராசத்துரோகக் குற்றம் சாட்டி மன்றில் நிறுத்தினார்கள். தீர்ப்புத் தூக்குமரமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நவம்பர் மாதத்தில் யூரர்கள் அவரைக் குற்றவாளியல்ல என்று விடுவித்தார்கள். இலண்டன் சனங்கள் அவரைத் தோளில் ஏற்றாத குறையாக ஊர்வலம் கொண்டுபோனார்கள். கண்ணாடிக்கு முன்னே நின்று சிரித்த கூட்டத்தில் இவர்களும் இருந்திருப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. சிரித்தவர்கள் எல்லாரும் சம்மதித்தவர்கள் அல்லர்; இதனை அரசுகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

தமிழில் இந்த ஆயுதம் கைமாறி வந்த விதமும் கூறத்தக்கது. 1906 இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில்தான் சுப்பிரமணிய பாரதியார் தமிழ்ப் பத்திரிகை உலகுக்கு அரசியற் கேலிச்சித்திரத்தைக் கொண்டுவந்தார். எந்த மூன்று சொற்களைக் கில்றேயும் ஹெஸ்ஸும் உரித்துத் தொங்கவிட்டார்களோ, அந்தச் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பவற்றையே அந்தப் பத்திரிகை தன் நெற்றியில் பொறித்துக்கொண்டது. நூறாண்டு கழித்து, கேலி செய்யப்பட்டவன் கையில் ஊசி வந்து சேர்ந்தது. 1908 இல் அரசாங்கம் பாய்ந்தது. பத்திரிகையின் பதிவாசிரியர் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து அதனை நடத்தினார். 1910 இல் அது நின்றது. அந்தப் படங்களில் ஆங்கில அதிகாரிகள் மட்டுமா அகப்பட்டார்கள்? மனுப்போட்டே சுயராச்சியம் பெறலாம் என்றிருந்த நம்மவர்களும் அகப்பட்டார்கள். அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1994 இல் நூலாக்கியிருக்கிறார். இந்த வாசிகசாலையில் அது இருக்கவேண்டிய நூல்.

இனிச் சிவஞானசுந்தரத்திடம் வருவோம். கட்டடக்கலை படிக்கவென்று பம்பாய்க்குப் போனவர் சித்திரக்காரராய்த் திரும்பி வந்தார். 1960 களின் முற்பகுதியிலே சிரித்திரனைத் தொடங்கினார். அவருக்கு மாதாமாதம் இரகசியமாகப் பணம் அனுப்ப ஒரு கனிங் கிடைக்கவில்லை. சந்தாதாரரை நம்பி, அச்சுக்கூடத்துக் கடனோடு, செய்யும் தொழிலைத் தெய்வமாகவும் சிரிப்பைச் சீவியமாகவும் கொண்டு நடத்தினார். அவர் கேலிசெய்தது யாரை? வண்டிச்சவாரியில் மயங்கிய தம்பரை, கொழும்பு நாகரிகத்தில் மிதந்த சீமாட்டியை, உத்தியோகப் பவுசை, சீதனச் சந்தையை. எல்லாம் நம்மை. எளியவனின் வாய்ப்பேச்சை அவர் எழுதினார். எளியவனை மிருகமாக வரையவில்லை. கில்றேயின் கைத்திறம் இவருக்கு இருந்ததென்று நாம் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்வது முகத்துதி. ஆனால் அவருடைய படத்தைப் பார்த்தபின் எந்தத் தொழிலாளியும் தலைகுனிந்து வீடு திரும்பவேண்டி இருந்ததில்லை.

அவர் 1996 இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகளின் புத்தகக் கட்டுகளோடு சிரித்திரன் இதழ்களும் அழிந்தன. இணையத்திலுள்ள நூலகம் என்னும் எண்ணிமத் திட்டத்தில் பல இதழ்களைத் தேடி ஏற்றியிருக்கிறார்கள். இளைஞர்கள் கைப்பேசியிலேயே வாசிக்கலாம். ஆயினும் தொகுதிகளில் இடைவெளிகள் உண்டு. ஆகவே, பெரியோர்களே, உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டிலும் பரண்மேலுள்ள தகரப் பெட்டியிலும் கறையான் தின்னாத பழைய இதழ் ஒன்றேனும் கிடக்குமானால், வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்துக்குக் கொண்டுவாருங்கள். இங்கேயே படம்பிடித்துக்கொண்டு உங்கள் கையில் திருப்பித் தந்துவிடுவார்கள். அட்டை கிழிந்திருந்தாலும் குற்றமில்லை.